யோசுவா தலைமுறையும் பாபிலோன் பாடமும்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வேதாகமத்தோடு சேர்த்துப் பாடம் சொல்லிக்கொடுத்த சுவிசேஷக் கிறிஸ்தவப் பெற்றோர்மீது நெடுநாளாக ஒரு புகார் உண்டு. இப்படிப் பொத்தி வளர்த்த பிள்ளை நாளைக்கு வெளியே போனால் நாலு பேரோடு பேசத் தெரியாமல் திகைத்து நிற்கும் என்பதே அது. அதற்குப் பதிலாக அவர்கள் இப்போது காட்டுவது போட்டிக் கோப்பைகளை. வாஷிங்டனிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், வர்ஜீனியாவின் பர்சல்வில் ஊரில், மைக்கேல் ஃபாரிஸ் தொடங்கிய பேட்ரிக் ஹென்றி கல்லூரி 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பெரும்பாலும் வீட்டுக்கல்விப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே உண்டான கல்லூரி அது. அதன் மாணவர்கள் மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் தேசிய அளவில் திரும்பத் திரும்ப வென்றார்கள். ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரி அணியையும் தோற்கடித்தார்கள். 2004ஆம் ஆண்டில் வெள்ளை மாளிகையில் பயிற்சிக்குச் சேர்ந்த சுமார் 100 மாணவர்களில் 7 பேர், சில நூறு மாணவர்களே படித்த இந்தச் சிறிய கல்லூரியிலிருந்து போனவர்கள். இத்தனைக்குப் பிறகும் எங்கள் பிள்ளைகள் உலகத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பீர்களா என்று ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுபோலத் தோன்றுகிறது. ஆனால் வாதத்தில் வெல்வதையும் உலகத்தைச் சந்திப்பதையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. இந்தக் கல்விமுறையின் ஆதாரக் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

இந்த முறைக்கு உரிய பெருமையை முதலிலேயே கொடுத்துவிடலாம். இந்தப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள், திருத்தமாக எழுதுகிறார்கள், அவையில் கூசாமல் பேசுகிறார்கள். நம்பிக்கையை விலைபேசக் கூடாதென்று அரசின் நிதியுதவியை மறுத்து நடக்கும் கல்லூரியின் நேர்மையும் சாதாரணமானதல்ல. 18 வயதில் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை அங்கே விசுவாசத்தை இழந்துவிடுமோ என்ற பெற்றோரின் கவலையைப் பரிகசிப்பவர்கள் பிள்ளை வளர்ப்பின் பாரம் தெரியாதவர்கள். மதச்சார்பற்ற வளாகங்களிலும் கிறிஸ்தவ மாணவனின் நம்பிக்கையை அறியாமை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் என் ஆட்சேபம் இம்மியும் குறையவில்லை.

மாதிரி நீதிமன்றத்தில் ஒரே மாணவன் ஒரு சுற்றில் ஒரு கட்சிக்கும் அடுத்த சுற்றில் எதிர்க்கட்சிக்கும் வாதாட வேண்டியிருக்கும். நேரம் அளந்து கொடுக்கப்படும். தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் இருப்பார். எதிரில் நிற்பவர் சொல்வது உண்மையாக இருக்குமோ, அதனால் நான் மாற வேண்டியிருக்குமோ என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. ஒரு விளையாட்டுக்கு அது குறையல்ல. ஆனால் இளைஞர்களை உலகத்துக்குத் தயார்செய்வதாகச் சொல்லும் ஓர் இயக்கம் முழுவதும் இந்த விளையாட்டையே வாழ்க்கைக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டது. கொலராடோவின் மானிட்டூ ஸ்பிரிங்ஸில் 1962இல் தொடங்கிய சம்மிட் மினிஸ்ட்ரீஸ், கல்லூரிக்குப் போகவிருக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குக் கோடைக்கால முகாம்கள் நடத்திவருகிறது. அதன் தலைவராக இருந்த டேவிட் நோபல் 1991இல் வெளியிட்ட பாடநூல் கிறிஸ்தவம், மார்க்சியம், மதச்சார்பற்ற மனிதநேயம் என்ற உலகநோக்குகளை எடுத்துக்கொண்டு, இறையியல் முதல் வரலாறு வரை பத்துத் துறைகளில் ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று வரிசைப்படுத்துகிறது. பிந்தைய பதிப்புகளில் இஸ்லாமும் பின்நவீனத்துவமும் சேர்ந்துகொண்டன. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்த மாணவன் வகுப்பில் ஒருவர் வாய்திறந்ததும் அவரை எந்தக் கட்டத்தில் போடலாம் என்று தேடத் தொடங்கிவிடுகிறான். அவர் பேசி முடிக்கும்வரை அவனுக்குப் பொறுமை இருக்காது. பதில் முன்பே கையில் இருக்கிறது.

மார்க்சியர்களைவிட அதிகமாக மார்க்ஸை எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது இதற்கு வரும் மறுமொழி. அந்தப் பாடநூலில் எதிர்த்தரப்பின் எழுத்துகள் தாராளமாகவே எடுத்தாளப்படுகின்றன. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் எடுத்தாளப்படுவது எதற்கு? மறுக்க வசதியான இடங்களே வெட்டி எடுக்கப்படுகின்றன. பஞ்சாலையில் குழந்தைகள் வேலைசெய்த காலத்தில், கோபமும் இரக்கமும் கலந்து, மார்க்ஸ் ஏன் அப்படி எழுதினார் என்பதை அந்தத் துண்டுகளிலிருந்து அறிய முடியாது. அந்தக் கோபத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் சாயல் தெரிகிறதா என்று ஒரு கிறிஸ்தவ மாணவன் கேட்டுப்பார்த்திருந்தால், மார்க்ஸை மறுக்கும்போதும் அவன் இன்னும் ஆழமாக மறுத்திருப்பான். அந்தக் கேள்வியே எழாதபடி பாடம் அமைந்திருக்கிறது.

இந்த மனப்பான்மை சபைகளில் எவ்வளவு தூரம் வேரோடியிருக்கிறது என்பதற்கு 2014இல் வந்த ‘காட்ஸ் நாட் டெட்’ படம் போதும். 20 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 6 கோடிக்கு மேல் வசூலித்த படம். கடவுள் இறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்லும் நாத்திகப் பேராசிரியரை முதலாண்டு மாணவன் ஒருவன் வகுப்பு முன்னிலையில் வாதத்தில் வீழ்த்துகிறான். பேராசிரியரின் நாத்திகம் சிந்தித்து அடைந்த முடிவல்ல, தாயை இழந்த துக்கத்தில் கடவுள்மேல் வந்த வெறுப்பு என்று படம் தீர்ப்புச் சொல்கிறது. கடைசியில் கார் மோதி, மழையில் தெருவில் கிடந்து, ஒரு போதகர் அருகிலிருக்க மனந்திரும்பி அவர் உயிர் விடுகிறார். மகள் கிறிஸ்தவளானதை அறிந்து அவளை அடித்து வீட்டைவிட்டு விரட்டும் முஸ்லிம் தகப்பனும் இதே படத்தில் உண்டு. நம்பாதவர்களில் அறிவோடும் அன்போடும் வாழ்கிற ஒரு மனிதரைக்கூட இந்தப் படத்தால் கற்பனை செய்ய முடியவில்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளை முதல் வாரத்திலேயே அப்படிப்பட்டவர்களைச் சந்திக்கப்போகிறது. அங்கே அந்தப் பிள்ளையைத் தடுமாறவைப்பது நாத்திகரின் வாதமாக இருக்காது. நாத்திகர் நல்லவராக இருப்பதே அதிர்ச்சியாக இருக்கும். அதற்கு முகாமில் எந்தப் பாடமும் நடக்கவில்லை.

கோப்பைகளை வென்ற அதே கல்லூரியில் 2006இல் நடந்ததை ஆதரவாளர்கள் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. முழுநேர ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், ஐந்து பேர், ஒரே ஆண்டில் விலகினார்கள். அவர்களில் யாரும் விசுவாசத்தை விட்டவர்கள் அல்லர். வேதாகமத்துக்கு வெளியே இருக்கும் நூல்களிலும் உண்மை கிடைக்கும், அதைத் தேடிக் கற்பது கிறிஸ்தவனுக்கு அவசியம் என்று இருவர் மாணவர் பத்திரிகையில் எழுதினார்கள். கிறிஸ்தவச் சிந்தனை மரபில் அகஸ்டினார் காலத்திலிருந்தே இருந்துவரும் கருத்துதான் இது. நிர்வாகத் தரப்பிலிருந்து அதற்கு மறுப்பு வெளியானது. கருத்துச் சுதந்திரம் பற்றிய சச்சரவு ஆசிரியர்களின் வெளியேற்றத்தில் முடிந்தது. உலகத்துக்குள் போகத் தயாராக இருப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தால், உலகத்திடமிருந்து கற்கவும் செய்யலாம் என்று சொன்ன தன் விசுவாசிகளையே தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு தலைமை மாறியது, கல்லூரி நிலைத்தது, இன்றும் நடக்கிறது. ஆனாலும் அன்று வெளிப்பட்டதை ஒரு தனிமனிதரின் பிடிவாதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மறுப்பதற்காக மட்டுமே படிக்கச் சொல்லும் கல்வி, நேசித்துப் படிக்கும் ஆசிரியரைச் சந்தேகிக்காமல் இருக்க முடியாது.

இந்த மாணவர்களுக்கு ஃபாரிஸ் வைத்த பெயர் யோசுவா தலைமுறை; 2005இல் அதே பெயரில் ஒரு நூலும் எழுதினார். பெற்றோர் மோசேயைப்போலப் பிள்ளைகளை எகிப்தாகிய பொதுப் பள்ளியிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் யோசுவாவைப்போலத் தேசத்தைப் பிடிக்க வேண்டும். வேதாகமத்தில் இத்தனை பேர் இருக்க, கானானியரின் நகரங்களை அழித்தவனையா இளைஞர்களுக்கு முன்னோடியாகத் தேர்ந்தெடுப்பது? அந்நிய அரசவையில் படித்த தானியேல் இருக்கிறான். ராஜாவின் உணவை மறுத்தவன் என்று சபைகளில் அவனைப் போற்றுகிறோம்; அவன் மூன்று ஆண்டுகள் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்றவன், அந்த அறிவைத் தேவனே கொடுத்தார் என்று அதே அதிகாரம் சொல்வதை மறந்துவிடுகிறோம். அத்தேனே பட்டணத்தில் மார்ஸ் மேடையில் நின்ற பவுல் அந்த மக்களின் பலிபீடத்திலிருந்து தொடங்கி, அவர்களின் புலவர்களையே துணைக்கழைத்தார். அந்தக் கவிதையை அவர் முன்பே எங்கோ ஊன்றிப் படித்திருக்க வேண்டும். பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபமோ அங்கே வீடு கட்டி, தோட்டம் போட்டு, அந்தப் பட்டணத்தின் நலனுக்காக ஜெபிக்கச் சொல்கிறது. நகரத்தைப் பிடிக்கச் சொல்லவில்லை. அதற்கு அஞ்சி ஒதுங்கவும் சொல்லவில்லை.

வென்றால் ஆள்வது, தோற்றால் ஒதுங்குவது என்ற இரண்டு உறவுகளை மட்டுமே அறிந்த கல்வி தோல்வியை எப்படி எதிர்கொள்ளும்? 2015 ஜூனில் ஒருபால் திருமணத்தை நாடு முழுவதும் சட்டமாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பழமைவாதக் கிறிஸ்தவர்களிடையே பரவிய சோர்வில், ராட் டிரேயரின் ‘பெனடிக்ட் ஆப்ஷன்’ என்ற நூல் 2017இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அரசியல் வெற்றியில் மயங்கியது போதும் என்று அது வெளிப்படையாகச் சொல்லியது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் பாரம்பரிய முறைக் கிறிஸ்தவப் பள்ளிகளும் இறுக்கமான சமூகங்களும் என்று அது காட்டிய வழி மறுபடியும் பிள்ளைகளைக் கூட்டுக்குள்ளேயே கொண்டுவருகிறது. தானாக ஒதுங்கினாலும் படையெடுத்துப் போனாலும் அடுத்த வீட்டுக்காரன் அங்கே எதிரியாகவோ ஆபத்தாகவோதான் இருக்கிறான்.

திறந்துவிட்டால் எத்தனை பிள்ளைகளை இழப்போம் என்ற கடைசிக் கேள்வி மிச்சமிருக்கிறது. சிலரை இழக்கலாம், இல்லை என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதில்தான் என்று பழக்கப்பட்ட பிள்ளை, அந்தப் பதில் ஓரிடத்தில் பொய்த்துவிட்டால், மற்ற எல்லாவற்றையும் சேர்த்தே சந்தேகிக்கத் தொடங்கும். தெரியாது என்று சொல்லவும் காத்திருக்கவும் பழகாத விசுவாசத்தைத்தான் நாம் பாதுகாப்பானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே முகாம்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு மாற்றத்தையாவது கேட்க வேண்டும். உலகநோக்குப் பட்டியலை முதலாண்டில் மூடி வையுங்கள். தான் ஏற்காத ஒருவரின் நூலை மாணவன் முதலிலிருந்து கடைசிவரை படிக்கட்டும். அதன் வாதத்தை, மறுப்பு ஒரு வரிகூட இல்லாமல், எழுதித் தரட்டும். அதற்கு மதிப்பெண் போடுவது அந்தக் கருத்தை நம்பி வாழ்கிற வெளி ஆள் ஒருவராக இருக்கட்டும். நான் சொன்னதை இந்தப் பிள்ளை சரியாகக் கேட்டிருக்கிறது என்று அவர் கையெழுத்திட்ட பிறகு மாணவன் தன் மறுப்பை எழுதலாம்.