நகரொலியும் கேட்போர் நிலையும்

நகரத்தின் அன்றாட ஒலிகளும் ஆய்வுக்குரியனவே என்பதைப் பரவலாக ஏற்கச் செய்தவருள் முதன்மையானவர் கனடிய இசையமைப்பாளர் ஆர். மறே ஷேபர் (1933–2021). சைமன் பிறேசர் பல்கலைக்கழகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு, வன்கூவர் நகரின் ஒலிகளைப் பதிவுசெய்து 1973இல் வெளியிட்டது. 1977இல் வெளிவந்த, 'உலகைச் சுருதி சேர்த்தல்' எனப் பொருள்படும் தலைப்புடைய நூலில் அவர் தமது கோட்பாட்டை விரித்துரைத்தார். நகரொலி பற்றிய மானிடவியல் ஆய்வுகள் இன்றும் அந்நூலின் கலைச்சொற்களைக் கையாள்கின்றன. ஆதலின் அதன் வலிமையையும் குறைபாட்டையும் மதிப்பிடுதல் பயனுடைத்து.

ஷேபர் ஒலிகளை மூவகைப்படுத்துவர். இடையறாது ஒலிப்பதனாற் கவனத்துக்கு வராதது ஆதார ஒலி. கவனத்தை ஈர்ப்பது சைகை ஒலி. ஓரிடத்தார் தமக்கே உரியதெனப் பேணுவது அடையாள ஒலி. வன்கூவரின் ஸ்ரான்லி பூங்காவில் இரவு 9 மணிக்கு முழங்கும் பீரங்கி இதற்குத் தக்க சான்று. கேட்போருக்கும் ஒலிக்கும் உள்ள உறவே இப்பகுப்பின் அடிப்படை என்பது கவனிக்கத்தக்கது. தெருவோரத்தில் வாழ்பவனுக்கு ஆதார ஒலியாக அமைந்துவிட்ட வாகன முழக்கம், அவ்வூருக்குப் புதிதாய் வந்தவனது துயிலைக் கலைக்கும்.

எனினும், நகரத்தை மதிப்பிடும்போது நூலாசிரியர் இவ்வுறவை மறந்துவிடுகின்றார். நாட்டுப்புறத்தில் ஒலிகள் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன என்றும், கைத்தொழிற் புரட்சிக்குப் பிற்பட்ட நகரில் அவை ஒன்றையொன்று மறைத்துத் தெளிவிழக்கின்றன என்றும் அவர் வாதிடுவர். இங்கு இசைஞன் ஒருவனின் பயின்ற செவி, நகர மாந்தர் அனைவரதும் செவியாகக் கொள்ளப்படுகின்றது. இத்தனைக்கும், கண்டனத்துக்கு அஞ்சாது பேரொலி எழுப்பும் உரிமை அதிகாரமுடையோர்க்கே வாய்த்தது என்பதை, தேவாலய மணியையும் ஆலை இயந்திரத்தையும் சுட்டி உணர்த்தியவரும் அவரே. அவ்வரிய கருத்தை நகர மக்களின் கேட்கும் அனுபவத்தோடு அவர் பொருத்திப் பார்த்திருப்பின் நூலின் முடிபுகள் வேறாகியிருக்கும்.

நியூ யோர்க் நகரின் அனுபவம் இதனைத் தெளிவாக்கும். அங்கு 1929இல் அமைக்கப்பட்ட இரைச்சற் குறைப்பு ஆணைக்குழு, கருவிகள் பொருத்திய வண்டியைத் தெருக்களிற் செலுத்தி ஒலியை அளந்ததோடு, பத்திரிகைகளில் வினாக்கொத்தும் வெளியிட்டது. 11,000க்கு மேற்பட்ட விடைகள் கிடைத்தன. முறைப்பாடுகளில் வாகனப் போக்குவரத்தோடு வானொலியும் முக்கிய இடம் பெற்றது. வாங்கியவனுக்குக் களிப்பாக அமைந்த வானொலி, அயலவனுக்கு இரைச்சலாயிற்று. கருவி காட்டும் அளவு இருவருக்கும் ஒன்றாயினும் அனுபவம் ஒன்றன்று. பத்திரிகை வாசித்து விடை எழுத இயலாதவரின் செவி அக்கணக்கில் இடம்பெறவுமில்லை.

இக்குறையை நிரப்ப முயன்றவருள் பிரான்சின் கிறநோபிளில் 1979இல் உருவான ஆய்வு நிலையத்தார் குறிப்பிடத்தக்கோர். குடியிருப்போர் வாழுமிடத்தின் ஒலிகளைப் பதிவுசெய்து, அவர்களுக்கே மீளக் கேட்பித்து, அவர்கள் கூறும் பொருளை ஆய்வுக்கு அடிப்படையாக்கும் முறையை அவர்கள் வளர்த்தனர். ஆய்வாளனின் செவி ஈண்டுப் பின்னுக்குச் செல்கின்றது.

நம் நாட்டுத் தெருக்களில் பாண் விற்கும் முச்சக்கர வண்டி எழுப்பும் பேத்தோவனின் மெட்டை இம்முறையில் ஆராய்ந்தாற் பலன் உண்டு. அது இல்லத்தரசிக்கு உணவின் வரவு, இரவு வேலை முடித்து உறங்குபவனுக்குத் தொல்லை, விற்பவனுக்குச் சீவனோபாயம். ஷேபரின் நோக்கில் அது சிதைந்த இசையாக மட்டுமே எஞ்சக்கூடும்.

இதனால் ஒலியை அளத்தல் வீண் எனக் கொள்ளலாகாது. பழகிப்போன ஆலைத் தொழிலாளியின் செவியையும் பேரொலி கெடுக்கவே செய்யும். ஆயின், எவ்வொலியைத் தடுப்பது, எதனைப் பொறுப்பது என்னும் தீர்மானத்தைக் கருவி மட்டும் தர இயலாது. அத்தீர்மானத்தில் வசதி படைத்தோரின் செவியே மேலோங்குமாயின், முதலில் அடங்குவது தெரு வணிகனின் குரலாகவே இருக்கும். ஷேபரின் நூல் நகரைக் கேட்கக் கற்பித்தது. நகரில் யார் கேட்கின்றனர் என்று வினவும் பொறுப்பைப் பின்வந்தோர்க்கு விட்டுச் சென்றது.