ஒரு மில்லிமீட்டர் பிடி

வயரின் நுனியில் டெர்மினலை அழுத்திப் பிணைக்கும் நல்ல கிரிம்பின் அழகை ரசிக்க லென்ஸ் வேண்டும். ஜேஎஸ்டி நிறுவனத்தின் பிஹெச் வகைக் கனெக்டரில் பின்னுக்கும் பின்னுக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர். எஸ்ஹெச் வகையில் 1 மில்லிமீட்டர்தான். அதற்குள் போகிற டெர்மினல் மேசையில் கிடந்தால் ஒரு தும்மலுக்குத் தாங்காது. அதன் வால்பக்கம் இரண்டு ஜோடி இறக்கைகள்: முன்ஜோடி செம்பு இழைகளைக் கவ்வ, பின்ஜோடி வயரின் உறையைப் பிடித்துக்கொள்ள.

சரியாக அழுத்தினால் முன்ஜோடியின் நுனிகள் இரண்டும் உட்புறம் சுருண்டு இழைகளுக்குள் இறங்கும். அந்த இடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். உருண்டையாக இருந்த இழைகள் மாதுளை முத்துகளைப் போல முகம் தட்டி, ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும். காற்று புக இடமில்லை. அதனால் களிம்பும் ஏறாது. வெளியிலிருந்து பார்த்தாலும் தரம் தெரியும். முன்விளிம்பில் இழைகள் துளியூண்டு எட்டிப் பார்க்கும். இரு ஜோடிகளுக்கும் நடுவே செம்பும் தெரியும், உறையும் தெரியும். இத்தனையும் அமைந்த கிரிம்பின் மேல் சால்டர் வைப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் ஒப்பாது. சால்டர் இழைகளுக்குள் ஏறி வயரை விறைக்க வைக்கும். அது நின்ற இடத்தில்தான் பிறகு வயர் முறியும்.

இந்தப் பிடிக்கென்றே ஜேஎஸ்டி தரும் கைக்கருவிகளின் விலை சில நூறு டாலர். பத்துக் கனெக்டர் செய்கிறவர் அதை வாங்க மாட்டார். மலிவில் எல்லாரும் எடுப்பது எஸ்என்-28பி ராட்செட் பிளையர். முழுதும் அழுத்தாமல் அது வாயைத் திறக்காது; இரு ஜோடிகளையும் ஒரே அழுத்தில் முடித்துவிடும். 2.54 மில்லிமீட்டர் டூபாண்ட் பின்னுக்கு அருமையான கருவி. ஆனால் ஜேஎஸ்டியின் பொடி டெர்மினலில் உறைப்பிடி தடித்துப் போய், கனெக்டரின் ஹவுசிங்கில் நுழைய அடம் பிடிக்கும்.

என் ஓட்டு, ஒசாகாவின் எஞ்சினியர் நிறுவனம் செய்யும் பிஏ-09 பிளையருக்கு. ராட்செட் கிடையாது. மெல்லிய தாடையில் 1.0, 1.4, 1.6, 1.9 மில்லிமீட்டர் என நான்கு பள்ளங்கள். செம்புக்கு ஓர் அழுத்து, உறைக்கு ஓர் அழுத்து என்று தனித்தனியாகச் செய்யலாம். முதலில் பெரிய பள்ளத்தில் இறக்கைகளைக் கூட்டிவிட்டு, பிறகு சிறியதில் இறுக்கினால் அவை கோணுவதில்லை. எவ்வளவு அழுத்துவது என்பது கையின் பொறுப்பு. வேகம் குறைவு என்பது உண்மை. நூற்றுக்கணக்கில் செய்பவருக்கு இது ஆகாது. ஆனால் வகை வகையான டெர்மினல்களில் நாலைந்து செய்கிறவருக்கு, ஒவ்வொன்றுக்கும் தனிக்கருவி தேடாமல் இது ஒன்றே போதும்.

வாங்கியதும் பழைய வயர்த் துண்டுகளில் கை பழகுங்கள். மெல்ல இழுத்துப் பாருங்கள். நழுவினால் அடுத்த முறை சிறிய பள்ளம், இழை அறுந்தால் பெரியது. டெர்மினல்கள் மலிவுதான், கோணியதை நிமிர்த்திக்கொண்டிருக்காமல் வெட்டி எறியலாம்.