மூடியைத் திறந்து பாருங்கள்

ஆந்தையின் தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் வயிற்றுக்குள் மை. பேனாவைத் தோய்த்துத் தோய்த்து எழுதிய 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய எழுதுமேசைகளில் இப்படி விலங்கு வடிவ மைக்கூடுகள் இருந்தன. அவற்றில் வியன்னா பட்டறைகள் வார்த்து வண்ணம் தீட்டிய வெண்கல விலங்குகளுக்குத் தனி மதிப்பு. அவற்றைப் பொம்மையாக மட்டும் பார்த்தால் பாதி அழகு கண்ணில் படாது. ஓர் உயிரின் உடம்புக்குள் எழுதுகருவியை எப்படிப் பொருத்தினார்கள் என்பதில்தான் ரசனை தொடங்குகிறது.

முதலில் மூடியபடி: எங்கே திறக்கும் என்று தேடுங்கள். நல்ல கைவினைஞர் மூடியின் விளிம்பை நாயின் கழுத்துப்பட்டையிலோ, பறவையின் இறகு வரிசையிலோ மறைத்திருப்பார். கீல் பிடரிக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும்.

பிறகு திறந்து: உள்ளே கண்ணாடியிலோ பீங்கானிலோ சிறு கிண்ணம் இருக்க வேண்டும். அன்று பரவலாகப் புழங்கிய இரும்பு மை அமிலத்தன்மை கொண்டது, உலோகத்தை அரித்துவிடும். அதற்காகவே இந்தக் கிண்ணம். அதில் பழைய மைக்கறை இருந்தால் சுரண்டி எடுக்காதீர்கள். அந்த மைக்கூடு உழைத்ததற்கு அதுவே சாட்சி.

வண்ணம்: வியன்னா வெண்கலத்தில் வண்ணத்தைச் சூளையில் சுடுவதில்லை, தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசுவார்கள். ஆகவே விரல் அடிக்கடி பட்ட தலை உச்சியில் தேய்ந்து, இடுக்குகளில் தங்கியிருப்பது இயல்பு. எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடிப்பாகம்: ஜாடி உருவம் ஒன்றுக்குள் 'பி' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தால் அது வியன்னாவின் ஃப்ரான்ஸ் பெர்க்மன் பட்டறையின் முத்திரை. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. 'ஆஸ்திரியா' என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. முத்திரையைப் போலியாகவும் பொறிக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.

உலோகம்: அன்றே மலிவாகத் துத்தநாகக் கலவையிலும் வார்த்து, வெண்கல நிறம் ஏற்றினார்கள். தேய்ந்த விளிம்பில் மஞ்சள் பொன்மை தெரிந்தால் வெண்கலமாகவோ பித்தளையாகவோ இருக்கலாம். சாம்பல் வெள்ளை தெரிந்தால் துத்தநாகம். அதிலும் அழகானவை உண்டு. ஆனால் எளிதில் உடையும், விலையும் குறைவாக இருக்க வேண்டும்.

வாங்கிய பின் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், பாலிஷும் வேண்டாம். நூறாண்டு மெருகும் வண்ணமும் ஒரே நாளில் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்தால் பழம்பொருள் பராமரிப்பு அறிந்தவரிடம் காட்டுங்கள்.

கண் பழக ஒரு வழி: ஒரே விலங்கின் இரண்டு மைக்கூடுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சு ஒன்றாக இருக்கலாம். வார்த்தபின் உளியால் ரோமத்தைத் தீட்டியதும் கண்ணுக்கு வண்ணம் வைத்ததும் மனிதக் கை. அந்தக் கைகளின் வித்தியாசம் தெரியத் தொடங்கினால், எதை வாங்கலாம், எதை விடலாம் என்று உங்கள் கண்ணே சொல்லும்.