பிறந்த தேதிக்கு மூன்று பெட்டிகள்

ஓர் இணையப் படிவத்தின் லட்சணம் பிறந்த தேதி கேட்கும் இடத்தில் தெரிந்துவிடும். பல தளங்கள் குட்டி நாட்காட்டியை விரித்துக் காட்டும். 1951இல் பிறந்தவர் இந்த மாதத்திலிருந்து பின்னோக்கித் தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். பிரிட்டிஷ் அரசின் கவ் டாட் யூகே தளத்தில் அந்தப் பாடு இல்லை. நாள், மாதம், வருடம் என மூன்று வெற்றுப் பெட்டிகள். வருடத்துக்கு மட்டும் பெட்டி சற்று அகலம்; நான்கு இலக்கம் வேண்டும் என்பதை அந்த அகலமே சொல்லிவிடுகிறது. எண் மட்டும் ஏற்கும் பிரவுசரின் ஆயத்தப் பெட்டி இருந்தும் அதை எடுக்கவில்லை. மவுஸ் சக்கரம் தெரியாமல் உருண்டால் அதில் எண் மாறிவிடக்கூடும். அதனால் சாதாரண எழுத்துப் பெட்டியையே வைத்து, கைபேசியில் எண் விசைப்பலகை மட்டும் எழும்படி செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு யோசனையும் ஒரு பக்கத்துக்காக அல்ல. 2018இல் வெளியான அந்த அரசின் டிசைன் சிஸ்டம் என்ற வடிவமைப்புத் தொகுப்பில் இது ஒரு காம்போனன்ட், அதாவது ஆயத்தப் பகுதி. எந்தத் துறையும் எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். கடவுச்சீட்டானாலும் மீன்பிடி உரிமமானாலும் அதே மூன்று பெட்டிகள். ஒருமுறை பழகிய கை மறுமுறை தடுமாறாது.

பிழை காட்டும் விதமும் எனக்குப் பிடித்தது. பக்கத்தின் உச்சியில் சிவப்புக் கட்டம். அதில் ஒவ்வொரு பிழையும் ஓர் இணைப்பு. தட்டினால் நேராக அந்தப் பெட்டிக்கே போகலாம். அங்கேயும் அதே வாசகம், ஒரு சொல் மாறாமல். விசைப்பலகையால் மட்டுமே நகர்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதை மஞ்சளும் தடித்த கறுப்பும் காட்டும். வெளிர் பின்னணியோ அடர் பின்னணியோ, இரண்டில் ஒன்றாவது கண்ணில் படும்.

வறட்சியாக இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். உரிமம் புதுப்பிக்க வருகிறவர் வாணவேடிக்கை பார்க்கவா வருகிறார்? எழுத்துருகூட அலங்காரத்துக்கானது அல்ல; பிரிட்டனின் சாலைப் பலகை எழுத்தின் வழி வந்த நியூ டிரான்ஸ்போர்ட்; மார்கரெட் கால்வெர்ட்டும் ஹென்ரிக் குபெலும் வடித்தது.

இந்தத் தொகுப்பில் நான் மிகவும் ரசிப்பது அதன் கூச்சமற்ற நேர்மை. கீழே விரியும் தேர்வுப் பட்டியலும் அதில் ஒரு காம்போனன்ட்தான். சிலர் அதில் திணறுவதை ஆய்வில் கண்டபின், வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதை எடுங்கள் என்று அதன் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.