எக்ஸ், ஓ, நடுவில் ஒரு பெட்டி

பாயிண்ட் அண்ட் ஃபிகர் சார்ட்டைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் பெருமை இதுதான்: "இதில் உங்கள் அபிப்பிராயத்துக்கு இடமில்லை." தாமஸ் டார்சியின் 1995 புத்தகம் இதை டிமாண்டுக்கும் சப்ளைக்கும் நடக்கிற சண்டையாக விளக்கும். எக்ஸ் என்றால் வாங்குபவர் கை ஓங்கியிருக்கிறது, ஓ என்றால் விற்பவர் கை. கேட்க அழகா இருக்கு. ஆனால் எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு.

முதலில் அடிப்படை. விலை ஒரு பெட்டி அளவு ஏறினால் ஓர் எக்ஸ், இறங்கினால் ஓர் ஓ. ஒரு நெடுவரிசையில் ஏதாவது ஒன்றுதான் இருக்கும். விலை எதிர்த்திசையில் மூன்று பெட்டி நகர்ந்தால்தான் அடுத்த நெடுவரிசைக்குப் போகணும். நேரத்துக்குக் கணக்கே கிடையாது. விலை அசையாவிட்டால், ஒரு மாசம் ஆனாலும் பேப்பரில் ஒரு கோடு விழாது.

இப்போ ஒரு கணக்கு. ஒரு பங்கின் ஐந்து நாள் குளோசிங் விலை 100, 104, 101, 105, 99 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பெட்டி 1 ரூபாய் என்றால்: 104 வரை எக்ஸ், 101 வரை ஓ, மறுபடி 105 வரை எக்ஸ். முந்தைய எக்ஸ் உச்சமான 104 உடைந்துவிட்டது. இது டபுள் டாப், அதாவது வாங்கச் சொல்லும் சிக்னல். மறுநாளே 99. முந்தைய ஓ அடிமட்டமான 101 உடைகிறது. இது டபுள் பாட்டம், விற்கணும். 105க்கு வாங்கி 99க்கு விற்றால் பங்குக்கு 6 ரூபாய் போச்சு.

பெட்டி 2 ரூபாய் என்றால்: திரும்புவதற்கு 6 ரூபாய் நகரணும். 101 போதாது. அடுத்த எக்ஸுக்கு 106 வேண்டும், 105 போதாது. ஓ போட 98 வரை இறங்கணும், 99 போதாது. சார்ட்டில் இருப்பது ஒரே ஒரு எக்ஸ் வரிசை. ஒன்றுமே நடக்கவில்லை!

அதே விலை, அதே விதி. ஒன்றில் நஷ்டம், இன்னொன்றில் அமைதி. அபிப்பிராயம் எங்கேயும் போகவில்லை, பெட்டிக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

"அதற்குத்தான் நிலையான அட்டவணை இருக்கே" என்பீர்கள். மூன்று பெட்டி முறையைப் பரப்பிய சார்ட்கிராஃப்ட் அட்டவணையில் 20 முதல் 100 டாலர் வரை பெட்டி 1 டாலர். அப்படியானால் 25 டாலர் பங்கு திரும்ப 12 சதவீதம் நகரணும், 90 டாலர் பங்குக்கு 3.3 சதவீதம் போதும். இரண்டு சார்ட்டையும் பக்கத்தில் வைத்து எது வலுவானது என்று ஒப்பிடுவது நியாயமா? சதவீதப் பெட்டி இந்தக் குறையைச் சரிசெய்யும். ஆனால் ஒரு சதவீதமா, இரண்டா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

இதனால் இந்த முறை வீண் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த விலையில் நம் கணிப்பு தப்பாகிறது என்பதைச் சார்ட்டே காட்டிவிடுகிறது. கையில் பணம் வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் பழைய விலைக்கு அழகாகப் பொருந்தும் பெட்டியைத் தேடிப் பிடித்துவிட்டு "பாருங்க, சிக்னல் எவ்வளவு சரியா வந்திருக்கு" என்பது, விடையைப் பார்த்துவிட்டு கேள்வி எழுதுவது மாதிரி.

கற்றுக்கொள்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று: சார்ட் போடும் முன்பே பெட்டி அளவை எழுதி வையுங்கள். பிறகு அதற்கு ஒரு படி மேலேயும் கீழேயும் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் தெரிகிற சிக்னலைக் கொஞ்சம் நம்பலாம். ஒன்றில் மட்டும் தெரிந்தால், அது சந்தையின் குரலா, உங்கள் பெட்டியின் குரலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.