கோடு பிழைத்திருக்கிறதா?
அனிமே தொடரின் ப்ளூ-ரே தரத்தைப் பார்த்து ரசிப்பது எப்படி

புது அனிமே பெட்டி கைக்கு வந்ததும் பெரும்பாலோர் விறுவிறுப்பான சண்டைக் காட்சி ஒன்றைத்தான் முதலில் ஓடவிடுவார்கள். திரை பளிச்சென்று இருந்தால் போதும், திருப்தி. ஆனால் வெளியீட்டின் தரத்தைச் சண்டைக் காட்சி காட்டிக்கொடுக்காது. எல்லாம் பறந்துகொண்டிருப்பதால் கண் குறைகளைத் தாண்டிப் போய்விடும். அசைவே இல்லாத காட்சியைத் தேடிப் பாருங்கள்.

‘நியான் ஜெனிசிஸ் எவாங்கெலியன்’ தொடரின் 24-ஆம் அத்தியாயத்தில், எவா என்னும் ராட்சத உருவம் தன் கைப்பிடிக்குள் கவோரு என்ற சிறுவனை வைத்தபடி ஏறக்குறைய ஒரு நிமிடம் அப்படியே நிற்கும். பின்னணியில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி. திரையில் இருப்பது ஒரே ஓர் ஓவியம். நல்ல வெளியீட்டில் அந்த ஓவியத்தின் மேல் பிலிமின் கிரெயின், அதாவது அதன் நுண்மணிகள், மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். படம் நிற்கிறது, காலம் ஓடுகிறது என்பதைக் கண் உணரும். கிரெயினைத் துடைத்துவிட்ட பிரதியில் அதே காட்சி, பிளேயர் மாட்டிக்கொண்டதோ என்று நம்மை ரிமோட்டைத் தேட வைக்கும். சுத்தமாக இருப்பது வேறு, தரமாக இருப்பது வேறு. தொடர் உருவானபோது எப்படி இருந்ததோ, அதற்கு இந்தத் தட்டு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதுதான் அளவுகோல்.

பிறப்பை விசாரியுங்கள்

அப்படியானால் தொடர் எதில் உருவானது என்று முதலில் தெரிய வேண்டும். 1990-களின் இறுதிவரை அனிமே என்பது செல் எனும் ஒளிபுகும் தாளில் வரைந்து, வண்ணம் பூசி, ஒவ்வொரு பிரேமாகப் பிலிமில் படம்பிடித்த வேலை. தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பெரும்பாலும் 16 மி.மீ. பிலிம். அன்றைய டிவி பெட்டி காட்டியதைவிட அதிக நுணுக்கம் அந்தப் பிலிமுக்குள் உறங்குகிறது. அதனால் பிலிமை மறுபடி ஸ்கேன் செய்தால் நிஜமாகவே புதிய விவரங்கள் வெளிவரும். 1998-இல் ஒளிபரப்பான ‘கவ்பாய் பீபாப்’ 2012-இல் ஜப்பானில் ப்ளூ-ரேயாக வந்தபோது கிடைத்த பலன் அதுதான்.

2000-ஐ ஒட்டி ஸ்டூடியோக்கள் கணினிக்கு மாறின. அந்தத் தொடக்க வருடங்களின் தொடர்கள் பல, சாதாரண டிவி அளவிலேயே முடிக்கப்பட்டவை. 51 அத்தியாயங்கள் கொண்ட ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ (2003) அப்படிப்பட்டது. திரும்பிப் போய் ஸ்கேன் செய்ய அதற்குப் பிலிம் கிடையாது. அதன் ப்ளூ-ரே, சின்னப் படத்தைப் பெரிதாக்கிய அப்ஸ்கேல்தான். இது குற்றமில்லை. நேர்மையான அப்ஸ்கேல் சற்று மங்கலாக, மென்மையாக இருக்கும். மோசமானது அந்த மங்கலை மறைக்கக் கூர்மையை ஏற்றி, கோடுகளைக் கம்பிபோல் விறைக்க வைக்கும்.

அதற்குப் பின் வந்த எச்டி தலைமுறையிலும் ஒரு நுட்பம் உண்டு. பல தொடர்கள் 720 முதல் 900 வரி அளவில் தயாரிக்கப்பட்டு, கடைசியில் 1080-க்குப் பெரிதாக்கப்பட்டவை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1080 என்பது தட்டின் அளவு. ஓவியத்தின் அளவு என்று அதை நம்ப வேண்டாம்.

கோட்டைப் பாருங்கள்

அனிமேயின் உயிர் கோடு. அதைக் கொல்வது பெரும்பாலும் சுத்தம் செய்யும் மென்பொருள். அது அடுத்தடுத்த பிரேம்களை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததைத் தூசி என்று முடிவுகட்டி அழிக்கிறது. தூசி போகும், கிரெயின் போகும். வேகமாக அசையும் கையின் மெல்லிய கோடும் கூடவே போகும். கோயில் சிற்பத்தை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, அழுக்கோடு சேர்த்து மூக்கு நுனியையும் மழித்துவிடுகிற கதைதான்.

பரிசோதிப்பது எளிது. பாத்திரம் சட்டென்று திரும்பும் இடத்தில் நிறுத்தி, பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். முடியிழை, இமை, விரல் இடுக்கு, மழைக்கோடு இவையெல்லாம் முழுசாக இருக்கின்றனவா, அறுந்து அறுந்து வருகின்றனவா? அடுத்து, கறுப்புக் கோட்டின் இரு பக்கமும் பாருங்கள். வெள்ளை விளிம்பு ஒன்று ஒளிவட்டம்போல் ஒட்டியிருந்தால், கூர்மை செயற்கையாக ஏற்றப்பட்டிருக்கிறது. செல்லின் மேல் படிந்த ஒரு தூசிப் புள்ளி, அடுக்கிய செல்கள் ஒன்றன்மேல் ஒன்று போடும் மெல்லிய நிழல் ஆகியவை கண்ணில் பட்டால் முகம் சுளிக்காதீர்கள். அவை கேமரா மேசையிலேயே பிறந்தவை.

எவ்வளவு ஓவியம் மிஞ்சியிருக்கிறது?

பழைய தொடர்கள் 4:3 சட்டகத்துக்காக வரையப்பட்டவை. இன்றைய டிவி 16:9. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வந்தால் வாங்குபவர் முணுமுணுப்பார் என்று பயந்து, மேலும் கீழும் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. 4:3 படத்தின் முழு அகலத்தையும் வைத்துக்கொண்டு 16:9 ஆக்கினால் உயரத்தில் கால்பங்கு போய்விடும்.

இதற்குப் பேர்போன வழக்கு ‘டிராகன் பால் இசட்’. 1989 முதல் 1996 வரை 291 அத்தியாயங்கள், 16 மி.மீ. பிலிமில். அமெரிக்காவில் ஃபுனிமேஷன் 2007-இல் தொடங்கி வெளியிட்ட டிவிடி தொகுப்புகள் 16:9-க்கு வெட்டப்பட்டவை. 2011-இல் அதே நிறுவனம் முழுச் சட்டகத்தோடு, பிரேம் பிரேமாகச் சீர்செய்த ப்ளூ-ரேக்களைக் கொண்டுவந்தது. செலவும் உழைப்பும் கட்டுப்படியாகாமல் முயற்சி பாதியில் நின்றது. 2013-இல் வந்த ப்ளூ-ரேக்கள் மறுபடியும் வெட்டப்பட்டவையே. தலைமுடி வானத்தைக் குத்தும் ஒரு தொடரில் மேல்பகுதியை வெட்டினால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

இருட்டு பொய் சொல்லாது

அறை விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி ஒன்றைப் போடுங்கள். ‘கவ்பாய் பீபாப்’பின் ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் தேவாலயச் சண்டை இதற்கு நல்ல தேர்வு. நிழலுக்குள் சுவர் தெரிகிறதா? வண்ணக் கண்ணாடியின் நிறங்கள் தனித்தனியாக நிற்கின்றனவா? வானத்தின் கருநீலம் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். படிக்கட்டுபோல் பட்டை பட்டையாக இறங்கினால் அது பேண்டிங். தட்டில் இடநெருக்கடி இருந்தாலும் இப்படி ஆகும். கணக்கு நீங்களே போடலாம்: 50 ஜிபி தட்டில் 24 நிமிட அத்தியாயங்கள் 13 இருந்தால் ஒலியும் சேர்த்து வினாடிக்குச் சராசரி 21 மெகாபிட். அதையே 25 ஜிபி தட்டில் திணித்தால் பாதி.

நிறத்தை மதிப்பிட வெள்ளையைப் பாருங்கள்: மேகம், சட்டை, காகிதம், கண்ணின் வெண்மை. ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தின் ஜப்பானிய டிவிடி 2002-இல் வந்தபோது படம் முழுக்கச் சிவப்பேறியிருந்தது. வாங்கியவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். திரைப்படம்தான் என்றாலும் தொடருக்கும் பாடம் அதுவே.

ஜப்பானிய ஒளிபரப்பில் பளீர் வெளிச்சக் காட்சிகள் திடீரென்று மங்குவதைக் கவனித்திருப்பீர்கள். 1997 டிசம்பர் 16 அன்று ‘போக்கிமான்’ அத்தியாயம் ஒன்றின் மின்னும் ஒளியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன்பின் வந்த கட்டுப்பாடு அது. பல ப்ளூ-ரேக்கள் இந்த மங்கலை எடுத்துவிட்டு இயக்குநர் நினைத்த ஒளியைத் திருப்பித் தருகின்றன. வலிப்பு வரும் வாய்ப்புள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் இங்கேதான்.

அசைவும் ஓசையும்

பிலிமுக்கு வினாடிக்கு 24 பிரேம். ஆனால் தொலைக்காட்சி அனிமேயில் ஒரே ஓவியம் இரண்டு, மூன்று பிரேம்களுக்கு நிற்பது சாதாரணம். அந்தத் துள்ளல்தான் அதன் தாளம். உங்கள் டிவியின் ‘மோஷன் ஸ்மூத்திங்’ இடையில் இல்லாத ஓவியங்களைக் கற்பனையாகச் சொருகித் தாளத்தைக் கெடுக்கும். தட்டைக் குறைசொல்லும் முன் அதையும் டிவியின் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் ஷார்ப்னஸையும் அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் அசையும் விளிம்பில் சீப்புப் பல்போல் கோடுகள் தெரிந்தால் குறை தட்டில்தான்.

ஒலியில் முதலில் தேட வேண்டியது பழைய ஸ்டீரியோ அல்லது மோனோ ஒலித்தடம் இருக்கிறதா என்பதை. 5.1 சரவுண்ட் ஒலி என்பது கூடுதல் விருந்து. மூலத்தை எடுத்துவிட்டு அதை மட்டும் பரிமாறினால் ஏமாற்றம். ஐரோப்பாவின் பழைய பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிடிகளில் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும், பாடலின் சுருதியும் சற்று ஏறிவிடும். பாடல்கள் முழுசாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2019-இல் ‘எவாங்கெலியன்’ நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது, உரிமச் சிக்கலால் பல நாடுகளில் ‘ஃப்ளை மீ டு தி மூன்’ முடிவுப்பாடல் காணாமல் போனது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த இழப்புக்கு ஈடாகாது.

எழுத்தும் உள்ளடக்கமும்

சப்டைட்டிலைச் சோதிக்க, பேச்சும் திரையில் எழுத்தும் ஒரே நேரத்தில் வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கடைப் பலகை, கடிதம், பாடல் வரி மூன்றுக்கும் மொழிபெயர்ப்பு இருந்தால் நல்ல உழைப்பு. ஜப்பானியக் குரல் நாலு வார்த்தையில் முடிந்த பிறகும் சப்டைட்டில் நீண்டுகொண்டே போனால், அது ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே எழுதிப்போட்டதாக இருக்கலாம்.

எந்த வடிவம் உள்ளே இருக்கிறது என்பதும் முக்கியம். ‘எவாங்கெலியன்’ 21 முதல் 24 வரையான அத்தியாயங்களுக்கு ஒளிபரப்பு வடிவம், காட்சிகள் சேர்த்த வடிவம் என இரண்டு உண்டு. இரண்டும் இருந்தால் தொகுப்பு முழுமை. ‘மடோகா மாஜிகா’ (2011) ஒளிபரப்பில் அவசரத்தில் போன ஓவியங்கள் பலவற்றை ஷாஃப்ட் ஸ்டூடியோ ப்ளூ-ரேக்காகத் திருத்தியது. அங்கே தட்டுதான் முடிவான படைப்பு. எழுத்தில்லாத தொடக்கப் பாடல், அடுத்த அத்தியாய முன்னோட்டம், ஓவியக் கையேடு ஆகியவை அதற்குப் பிறகு கணக்கில் வரட்டும்.

காசு கொடுக்கும் முன் ஒரு விஷயம்: ப்ளூ-ரே பகுதிக் குறியீட்டில் ஜப்பானும் அமெரிக்காவும் ஏ, இந்தியா சி. பூட்டிய ஏ தட்டு நம்மூர் பிளேயரில் ஓடாது.

எதை மன்னிக்கலாம்?

எல்லாம் சரியாக அமைந்த வெளியீடு அபூர்வம். எனவே ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். தூசி, லேசான ஆட்டம், மங்கல் ஆகியவற்றை மன்னிக்கலாம், அவை படைப்போடு வந்தவை. சுமாரான சப்டைட்டிலைப் பல்லைக் கடித்துப் பொறுக்கலாம். வெட்டிய சட்டகம், துடைத்த கோடு, தூக்கிய பாட்டு இந்த மூன்றையும் மன்னிக்க வேண்டாம். இல்லாததை உங்கள் கண்ணோ டிவியோ திருப்பி வரைந்து தராது. அப்படியொரு பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தாலும் கடையிலேயே வைத்துவிட்டு, பழைய முழுச்சட்டக டிவிடி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.