பழிகரப்பு: ஓர் இரங்கல் விளம்பரமும் ஒரு பெயர்ப்பட்டியலும்

அங்கதத்தைத் தொல்காப்பியர் இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழிப்பை மறைத்துக் கூறுவது பழிகரப்பு. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்ற ஔவையார், மாலை சூட்டி நெய் பூசிய அவன் வேல்களைப் புகழ்வார்போலப் புகழ்ந்து, அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றது இரண்டாம் வகைக்கு நாம் பள்ளியில் கற்ற சான்று. இவ்வுத்தி 1975-இல் நாளிதழின் மிக எளிய பத்திகளில் மீண்டும் உயிர்பெற்றது.

அவ்வாண்டு ஜூன் 25 நள்ளிரவில் நெருக்கடிநிலை வந்தது. உடன் தணிக்கையும் வந்தது. சில நாள்களுக்குள், நாம் வாழும் இப்பம்பாயில், டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் இரங்கல் விளம்பரப் பத்தியில் ஒரு மரணச் செய்தி வெளியாயிற்று. மக்களாட்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஓர் ஆள்பெயர்போல் முறித்து எழுதி, உண்மையை அவர் மனைவியாகவும், விடுதலையை மகனாகவும், நம்பிக்கையையும் நீதியையும் உடன்பிறந்தாராகவும் காட்டி, ஜூன் 26-இல் அவர் காலமானார் என்றது அவ்விளம்பரம். கொடுத்தவர் அசோக் மகாதேவன் என்னும் பத்திரிகையாளர். உருவகக் குடும்பம் புதிதன்று; அதை வைத்த இடமே புதிது. செத்தார் செய்தியைத் திருத்தும் கோல் எந்தத் தணிக்கையாளனிடம் உண்டு?

எனினும், நம் கணிப்பில் அதனினும் உயர்ந்தது தமிழில் உண்டு. 1976 சனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, கழகத்தார் பலர் மிசாவில் சிறைப்பட்டனர். சிறைப்பட்டோர் பெயர்களை அச்சிடத் தணிக்கை இடந்தரவில்லை. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவுநாள். அன்று முரசொலியில் கலைஞர், அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் பட்டியல் என்று பெயர்களை அடுக்கினார். அவ்வளவே. ஏன் வர இயலவில்லை என்று ஒரு சொல் இல்லை.

பட்டியல் இலக்கியமாகுமா என்பார்க்கு, குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களை நினைவூட்டுவோம். ஆனால் ஈண்டு அழகு வேறு. எழுதியவர் பாதியில் நிறுத்திவிட, மீதியைப் படிப்பவர் எழுதுகிறார். தாராவியில் வாழும் நெல்லைக் குடும்பம் ஒன்றின் கையில் அவ்விதழ் கிடைத்திருந்தால், முதலில் ஊர்க்காரர் பெயரையன்றோ தேடியிருக்கும்! செய்தி அங்கேதான் முழுமையடைகிறது. வெண்டைக்காயின் நலனையும் விளக்கெண்ணெயின் சிறப்பையும் பற்றி அவ்விதழ் தணிக்கையைக் கேலிசெய்து எழுதியவை பெரிதும் பேசப்படுவன; நமக்கு அவை ஒரு படி கீழானவையே. சிரித்தவுடன் தீர்ந்துவிடுகின்றன.

கரந்துரைத்தலே சிறந்தது என்று கொள்ளவும் நமக்கு மனமில்லை. இதே மராட்டிய மண்ணில், 1975-இல் கராடில் கூடிய மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைமையேற்ற துர்கா பாகவத் எதையும் மறைக்கவில்லை. எழுத்துரிமையைப் பற்றி நேரே பேசினார். விடுவிக்கப்பட்டுப் பம்பாய் மருத்துவமனையில் கிடந்த ஜெயப்பிரகாச நாராயணர் நலம்பெற வேண்டினார். மறு ஆண்டில் சிறை சென்றார். பழிகரப்பு எழுதியவனுக்குத் தப்ப ஒரு வாயில் உண்டு; அவர் அதனைத் தாமே அடைத்துக்கொண்டார்.

சென்னைச் சிறையில் தாக்குண்டு 1977 சனவரியில் உயிர்நீத்த சிட்டிபாபுவின் நாட்குறிப்பும் செம்பொருள் வகையே. அச்சேறும் என்ற உறுதியின்றிச் சிறைக்குள் எழுதப்பட்ட அக்குறிப்பு, பின்னர் இஸ்மாயில் ஆணையத்தின் முன் சான்றாக நின்றது.